கூரையோரத்துக் குட்டிகள்

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இருந்த பெண், டிரில்லிங் மெஷின் பையோடு சின்னமனூரில் ஏறியவரைப் பார்த்ததும், “இனிமே நீங்க வர வேணாம்ண்ணே” என்றாள்.

அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். “ஏன்த்தா, கூரையோரத்துல நான் அடிச்ச பிவிசி பலகை ஒழுகுதா?”

“ஒழுகல. உள்ள பூனைக்குட்டிக இருந்திருக்கு. தாய் வெளிய போன நேரத்துல அடைச்சுட்டீக.”

“அய்யோ, நான் கவனிக்கலையே! ஒரு போன் பண்ணிருக்கலாம்ல?”

“மூணு நாளா அடிக்கிறேன். லைனே கெடைக்கல.”

“கட்டப்பனைக்கு அங்கிட்டு ஏலத்தோட்டத்துல வேலை, நேத்து ராத்திரிதான் திரும்புனேன். அங்கன டவர் இல்லத்தா. வீட்டுல பிரிச்சிருக்கலாம்ல?”

“புதுசாப் போட்டதைப் பிரிச்சா ஒடைஞ்சிரும், அவரே வரட்டும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாக. அவுக இல்லாதப்ப நானே ஏணி போட்டு ஏறுனேன். ஸ்குரூ அசையல.”

“இப்பவே வாரேன். ரெண்டு பலகையைக் கழட்டுனாப் போதும்.”

“நேத்து சாயங்காலத்தோட சத்தம் நின்னு போச்சுண்ணே.”

அவர் பையை மடியில் அணைத்துக்கொண்டார். உத்தமபாளையம் தாண்டியதும் மெல்லக் கேட்டார்.

“தாய்ப்பூனை?”

“அதுக்கு இன்னும் தெரியல. வாயில எலியைக் கவ்விக்கிட்டு, வழி தேடி வீட்டைச் சுத்திச் சுத்தி வருது.”