செல்லபாய் அக்கா பிடுங்கிய மரச்சீனி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் சிவானந்தம் ஐயா அவர்களே! எங்கள் கன்றுகளுக்குத் தாயாக வந்த ஆராய்ச்சி நிலையத்து ஸ்ரீகலா மேடம் அவர்களே! அலையோடு போராடி, அலுப்போடு வந்து அமர்ந்திருக்கும் மாமன்மாரே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் அம்மாமாரே! நம் காரோடு ஊரில், நடுவதற்கு மரச்சீனிக் கம்பு வாங்கக் கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் பவுலாவின் பணிவான வணக்கம்.

கேட்கவில்லையா? ஷைஜு அண்ணன் மைக்கைப் பக்கத்தில் இழுக்கச் சொல்கிறார். இழுத்துவிட்டேன் அண்ணா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் நிற்கும் கடையில் உப்பு கேட்கவே நாணுகிறவள். ஆனாலும் இன்று நன்றி சொல்லாவிட்டால் எனக்கு நாக்கு எதற்கு?

மேடம் மரவள்ளி என்று சொல்லும் நம் மரச்சீனிக்கு என்ன வந்தது? இலை சுருண்டது, மஞ்சள் படர்ந்தது, கிழங்கு விரலாய் மெலிந்தது. மண்ணைக் குறை சொன்னோம். மழையைக் குறை சொன்னோம். நோயோ நாம் நட்ட கம்புக்குள்ளேயே குடியிருந்தது. ஸ்ரீகலா மேடம் கொழுந்து நுனியில் கடுகிலும் சிறிய துணுக்கை வெட்டி, கண்ணாடிக் குப்பிக்குள் வளர்த்து, நோயில்லாத கன்றாக்கித் தந்தார். அவற்றைத் தேற்றத்தான் நெருக்கமான வலையால் கூடாரம் கட்டினோம். அங்கே நீர் தெளிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. "ஏ பிள்ளே, வலைக்குள்ள மீனு வல்லதும் பட்டுதா?" என்று ததேயூஸ் மாமன் கேட்காத நாள் உண்டா? சிரிக்காதீர்கள் மாமா. அது பிடிக்கக் கட்டிய வலை அல்ல. நோயைச் சுமந்துவரும் வெள்ளை ஈயைத் தடுக்கக் கட்டிய வலை.

கன்றுகள் தேறின. வெளியே நடும் காலம் வந்தது. பக்கத்து விளையில் நோய்ச்செடி நின்றால் ஈ அந்த நோயை இங்கே கொண்டுவரும், எல்லாம் வீண் என்றார் மேடம். பக்கத்து விளை யாருடையது? செல்லபாய் அக்காவுடையது. கணவர் தென்னையிலிருந்து விழுந்து படுத்திருக்க, அந்த விளையை நம்பியே பிள்ளைகளுக்குச் சோறிட்டவர். கிழங்கு இறங்காத இளம்பயிர். பிடுங்கு என்று அவரிடம் யார் சொல்வது?

நான் போனேன். வேலியோரம் நின்றேன். பேச வாய் வரவில்லை.

"என்ன மக்கா, மிண்டாம நிக்குத?"

சொன்னேன். அக்கா ஓர் இலையைத் தடவியபடி நின்றார். கம்பு கேட்டு வந்த எவரையும் வெறுங்கையோடு அனுப்பாதவர் அவர்.

"நான் குடுத்த கம்பாக்கும் ஊரு முழுக்க நிக்கது. தீனத்தையும் சேத்தா மக்கா குடுத்தேன்?"

கம்புக்குள் நோய் இருந்தது யாருக்குமே தெரியாதே அக்கா என்றேன். குனிந்தார். முதல் செடியைப் பிடுங்கினார். அடுத்ததைப் பிடுங்கினார். அந்தி சாயும்வரை பிடுங்கினார். பிடுங்கிய கை எது? நட்ட அதே கை! குவித்துத் தீ வைத்தபோதும் அழவில்லை. "இனி பிள்ளியளுக்கு என்ன குடுப்பேன்?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு விடை சொன்னது இந்த ஊர். ததேயூஸ் மாமன் வள்ளத்திலிருந்து மீன் வந்தது. விஜயம்மா வீட்டிலிருந்து அரிசி வந்தது. கேலி பேசிய வீடுகளிலிருந்தும் தேங்காய் வந்தது. தந்தவர்களே, உங்கள் கைகளுக்கு என் நன்றி.

இதோ, வெளியே நட்ட அந்தக் கன்றுகள் வளர்ந்து தந்த கம்பு கட்டுக்கட்டாக மேடையில் இருக்கிறது. விளையில் நின்றபோது ஓர் இலையிலாவது மஞ்சள் கண்டீர்களா? முதல் கட்டு யாருக்கு? தலைவரைக் கேட்டுவிட்டேன்; அவரும் சம்மதித்துவிட்டார். செல்லபாய் அக்கா, மேடைக்கு வாருங்கள்.

என்ன அக்கா? "எனக்கு நாணமாக்கும், நீ கொண்டு வா" என்கிறீர்களா? எனக்கும் நாணம்தான். அன்று உங்கள் வேலிக்கு வெறுங்கையோடு வந்தேன். இன்று கை நிறைய வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு கம்பு வேண்டுவோர் பழையபடி அக்காவின் வேலிக்கே போங்கள். இனி அவர் தருவது கம்பு மட்டும்தான்.

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். கொஞ்சம் வழி விடுங்கள். இறங்கி வாறேன் அக்கா.