கம்பெனிப் பச்சை

பச்சைக் கண்ணாடியைப் பார்க்க நாலரை மணி வெயில்தான் சரி. உச்சி வெயிலில் எல்லாம் வெள்ளையாகப் பளபளக்கும். இருட்டிவிட்டால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அதனால்தான் ஐயா, காலையில் வராமல் இப்போது வந்தேன். உங்கள் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறதே கோதண்டராமன் முதலாளியின் கார், அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். பதினைந்து நாள் வெயிலில் நின்றும் ஒரு கொப்புளம் இல்லை.

வியாழக்கிழமை டிரைவர் பூவராகவனுக்குத் தீர்ப்பு என்றார்கள். அவன் ஓட்டின அந்த வண்டியில் அடிபட்டு, ரோட்டு வேலைக்காரி ஒருத்தி செத்துப்போன கேஸ். அதில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிருக்கிறது. சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் சிங்காரவேலு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கண்ணாடி வெட்டி, படத்துக்குச் சட்டம் போடுகிற கடை என்னுடையது. உங்கள் தலைக்கு மேலே தொங்குகிற படத்துக்குச் சட்டம் போட்டதும் நான்தான். ஆணி அடித்தது உங்கள் ஆள்; அதனால்தான் இடப்பக்கம் இறங்கியிருக்கிறது.

நான் கடைக்காரனாகப் பிறந்தவன் இல்லை. கோட்டை மலைக்கு அந்தப் பக்கம் என் நைனா கல் உடைத்தார். ஆறு வயதில் நானும் ஜல்லி உடைத்தேன். இந்த இடது கட்டைவிரலில் நகம் கிடையாது, பாருங்கள். கல்லில் நாலு அடி தப்பினாலும் ஐந்தாவது அடியில் உடைந்துவிடும், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கண்ணாடியில் ஒரு அடி தப்பினால் அவ்வளவுதான். எனக்கு அது பிடித்திருந்தது. வந்துவிட்டேன்.

முதலாளியின் கார் வெளிநாட்டு வண்டி. பாண்டிச்சேரியில் யாரோ துரை விட்டுப்போனதை வாங்கி வந்தார். அதன் கண்ணாடி பூராவும் கம்பெனியிலேயே பச்சை. காய்ச்சும்போதே நிறத்தைக் கலந்துவிடுவார்களாம். ஆழக் கிணற்றில் எட்டிப் பார்த்தால் ஒரு பச்சை தெரியுமே, அந்த மாதிரி. நிறம் மேலே இருக்காது, உள்ளே இருக்கும்.

அவ்வளவு பெரிய காரிலும் முதலாளி மல்லாட்டை மூட்டை ஏற்றுவார். கடலை மண்டிக்காரர், கை சும்மா இருக்குமா? ஒரு மூட்டை சரிந்து பின்கதவுக் கண்ணாடி ஒன்று உடைந்தது. மெட்ராஸ் வரை தேடியும் அந்தப் பச்சை கிடைக்கவில்லை. நான் வெள்ளைக் கண்ணாடி வெட்டிப் போட்டேன். அன்றிலிருந்து பஜாரில் அந்த வண்டிக்கு ‘பூ விழுந்த கண்ணு’ என்று பெயர்.

“இன்னாய்யா சிங்காரம், ராஜா மாதிரி வண்டி, கண்ணுல பூ வுழுந்துடிச்சே. எதுனா பண்ணுய்யா” என்றார் முதலாளி.

என்னிடம் ஒரு வண்ணத்தாள் சுருள் இருந்தது. நாடகக்காரர்கள் மேடை விளக்குக்கு முன்னால் பிடிப்பார்களே, அந்தத் தாள். ஒரு நாடகக் கம்பெனி செஞ்சியில் கொட்டகை போட்டபோது அவர்களுக்குச் சட்டம் அடித்துக் கொடுத்தேன். பச்சைச் சுருளை என் கடையில் மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். காட்டு சீனுக்கு உள்ள பச்சை. வேப்பம்பிசினைத் துணியில் வடிகட்டித் தடவி, தாளைப் பரப்பி, சைக்கிள் ட்யூப் துண்டால் தள்ளித் தள்ளிக் காற்றை எடுத்தேன். ரப்பர் விளிம்பைக் கிளப்பி, தாளின் ஓரத்தை உள்ளே செருகினேன்.

ஒரு தாள் ஒட்டினால் நீர்மோர் மாதிரி இருந்தது. இரண்டு ஒட்டினேன். நேரே நின்று பார்த்தால் அசல் நிறம். இரண்டடி தள்ளி நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். கம்பெனிக் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் பச்சை இன்னும் ஆழமாகும். ஒட்டின தாளைச் சாய்த்துப் பார்த்தால் மழைத்தண்ணீரில் எண்ணெய் மிதக்கிற மாதிரி ஒரு மினுக்கு. இதைச் செஞ்சியில் வேறு யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். முதலாளி கவனித்துவிட்டார்.

சோடாக் கடை வாசலில், சந்தை நாளில், அத்தனை பேருக்கு முன்னால் சொன்னார். “ஒட்டுனது ஒட்டுனதாத்தான்யா தெரியுது. கல்லு ஒடைக்கறவன் கையில கண்ணாடியக் குடுத்தா இப்படித்தான் இருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை; அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

நாலாம் நாள் முகம் கழுவும்போது வழி தெரிந்தது. அந்த ஒரு கண்ணாடியை மற்றவை மாதிரி ஆக்க முடியாது. மற்ற எல்லாவற்றையும் அது மாதிரி ஆக்கிவிடலாமே. புதுக் கண்ணாடிக்கு நாலு தாள், கம்பெனிக் கண்ணாடிகளுக்கு இரண்டிரண்டு தாள். டிரைவருக்கு முன்னால் இருக்கிற பெரிய கண்ணாடிக்கும் சேர்த்து. அதை விட்டால் அது மட்டும் வெளுப்பாகத் தெரியும் இல்லையா?

ஒட்டுவதற்கு முன்னால் சரிபார்த்துக்கொண்டேன். நான் பார்க்காமல் எதையும் செய்கிறவன் இல்லை. உடைந்த பழைய கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வைத்திருந்தேன். அதன் மேல் இரண்டு தாளை ஒட்டி, கடை வாசலில் நின்று கண்ணுக்கு நேரே பிடித்துத் தெருவைப் பார்த்தேன். குளுகுளுவென்று இருந்தது. தெருவே ஏரிக்கு அடியில் போய்விட்ட மாதிரி. அப்போது எதிர்ப்பக்கம், தார் பீப்பாய்கள் அடுக்கியிருந்த இடத்தில், ஒரு அலுமினியத் தூக்குச்சட்டி மட்டும் தனியாக நடந்து போனது.

கண்ணாடியை இறக்கினேன். காத்தாயி. சிவப்புச் சீலை, கக்கத்தில் சிவப்புக் கொடி. மறுபடி கண்ணாடியை ஏற்றினேன். சீலையும் கொடியும் கருப்பாகிப் பீப்பாயோடு பீப்பாயாகக் கலந்துவிட்டன. தூக்குச்சட்டி நடந்து வந்தது. கடைக்குள் போய்க் காலண்டரில் அம்மன் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தேன். அதுவும் கருப்பு. பச்சை இவ்வளவு கெட்டியாகிவிட்டால் சிவப்பு உள்ளே வராது போலிருக்கிறது. எனக்கு அது புதுசு. சிரிப்பு வந்தது.

காத்தாயி கடை வாசலுக்கே வந்துவிட்டாள். அவளும் நானும் ஒரே கல்மேட்டில் ஜல்லி உடைத்தவர்கள்.

“இன்னாண்ணே, ஒத்தக் கண்ண மூடிக்கினு என்னையே பாக்குற? அண்ணிகிட்ட சொல்லட்டா?”

“நெறம் நல்லா வந்துருக்குதான்னு பார்த்தேன். நீ எங்க இந்தப் பக்கம்?”

“மேல்மலையனூர் ரோட்டுல மதகு ஒடைஞ்சி கெடக்குதில்ல. அமாவாசைக்குள்ள முடிக்கணுமாம். ஒரு பக்கந்தான் வழி. நான் கொடி புடிக்கிறேன். உக்காந்துக்கினே கூலி. மேஸ்திரிக்கு என்மேல பாசம்.”

“கொடிய ஒசத்திப் புடி.”

“கொடி எதுக்கு? இந்தச் சீலைக்கு நானே கொடிதான்” என்று இடுப்பில் கை வைத்து நின்று காட்டினாள். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

அன்று மாலையே முன் கண்ணாடியில் ஒட்டி முடித்தேன்.

முதலாளி காரை மூன்று சுற்றுச் சுற்றினார். குனிந்து பார்த்தார், சாய்ந்து பார்த்தார், நகத்தால் சுரண்டினார். எது நான் வெட்டிப் போட்ட கண்ணாடி, எது கம்பெனி என்று அவருக்கே தெரியவில்லை. “யோவ் சிங்காரம், எது எதுன்னு நீயே சொல்லுய்யா” என்றார். நான் சொல்லவில்லை. அந்த மாதிரி ஒரு சாயங்காலம் ஒருவனுக்கு ஆயுசில் ஒரு தடவைதான் வரும் ஐயா.

இரண்டு நாள் கழித்துப் பூவராகவன் வந்தான். நல்ல பையன். அவன் பெண்சாதி குஞ்சம்மாளுக்கு இது ஏழாம் மாதம்.

“அண்ணே, எனக்கு என்னமோ ஆயிடிச்சிண்ணே. பொழுது சாஞ்சா எதிர்ல ஆளு நிக்கிறதே தெரியல. மாரியம்மன் கோயில் மதில்ல செவப்புப் பட்டை இருக்குதில்ல, அது கருப்பாத் தெரியுது. தாளு ஒட்டுனதுலயா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அவன் நேரே முதலாளியிடம் போவான். முன் கண்ணாடித் தாளை உரிக்கச் சொல்வார்கள். உரித்தால் மறுபடி ஒன்று ஒரு மாதிரி, மற்றவை ஒரு மாதிரி. மறுபடி சோடாக் கடை.

“தாளு இன்னாடா பண்ணும்? உனக்கு மாலைக்கண்ணு புடிச்சிருக்குது. முருங்கைக்கீரை தின்னு. முதலாளி காதுல போட்டுடாத, வேற ஆளப் போட்டுருவாரு” என்றேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து மூன்று வேளையும் முருங்கைக்கீரை. ஒருநாள் குஞ்சம்மாள் கடைக்கு வந்து, “வூட்டு மரத்த மொட்டையடிச்சிட்டாருண்ணே. இன்னான்னு கேட்டா ‘ஒனக்குத் தெரியாது, சும்மா கெட’ன்றாரு. கர்ப்பக்காரி நானா, அவரான்னே தெரியல” என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அமாவாசை அன்று மாலை ஆறு மணிக்கு முதலாளி பின்சீட்டில் உட்கார்ந்து மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கிளம்பினார். என் கடையைத் தாண்டித்தான் கார் போனது. பாதி முடிந்த மதகு இன்னும் ஒருவழிதான், அதில் காத்தாயி கொடியோடு நிற்கிறாள், இருபக்கமும் புளியமரம், பொழுது இறங்குகிற நேரம். இவ்வளவும் எனக்குத் தெரியும். கைதட்டி நிறுத்தியிருந்தால் பூவராகவன் நிறுத்தியிருப்பான். என்னைக் கண்டால் எப்போதும் ஹாரன் அடிப்பான், அன்றும் அடித்தான். நான் கையைத் தூக்கவில்லை. சாய்வெயில் பின்கண்ணாடியில் விழுந்து திரும்புகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாக் கண்ணாடியும் ஒரே பச்சை.

மற்றது உங்களுக்குத் தெரியும். முதலாளிக்கு முழங்கையில் சிராய்ப்பு. காத்தாயியைத் தூக்கி வந்தபோது நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொடிக்கம்பை அவள் கையிலிருந்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவள் நன்றாகத்தான் உயர்த்திப் பிடித்திருந்தாள். அவள் மேல் குற்றமே கிடையாது. அதை நான் எங்கேயும் சொல்வேன்.

பூவராகவன் கோர்ட்டில், “எனக்கு மாலைக்கண்ணுங்க, மறைச்சி ஓட்டுனேன்” என்று அவனே ஒப்புக்கொண்டான். நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறான், பாவம். அவனே ஒப்புக்கொண்ட பிறகு டாக்டரிடம் யார் அனுப்புவார்கள்? வண்டியைச் சோதிக்க விழுப்புரத்திலிருந்து வந்த அதிகாரியும், “கண்ணாடிகள் யாவும் கம்பெனியில் பொருத்தியவை, மாற்றம் ஏதுமில்லை” என்று எழுதிக் கொடுத்துவிட்டார். முப்பது வருஷம் வண்டிகளைப் பார்த்த மனிதராம். கண்ணாடி போட்டுக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தாராம். உங்கள் ஏட்டு என் கடையில் உட்கார்ந்து அதைச் சொன்னபோது கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்புறம் நேற்று முதலாளி திண்டிவனத்திலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து இந்த மரத்தடியில் காரைக் காட்டினார். கேஸ் முடிந்ததும் விற்றுவிடப் போகிறாராம். “எல்லாம் அசல் கம்பெனி கண்ணாடிங்க. ஒண்ணுல கூட வேற ஆளு கை படல” என்றார். நான் ரோட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் இன்றைக்கு வந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பூவராகவனுக்காகத்தான் வந்தேன். குழந்தை பிறக்கப்போகிறது, அப்பன் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

நான் சொல்வதில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் பிளேடு போட்டுச் சுரண்ட வேண்டாம், கீறல் விழும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எதிரே இருக்கிற தபால் பெட்டியைப் பாருங்கள். தெரிந்து செய்தேன், தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். காத்தாயியைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன் ஐயா. அந்த அதிகாரி எழுதின வரி தப்பு என்று இப்போது அடித்துவிடுவீர்கள். அடிக்க வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். பக்கத்தில், ‘ஒட்டியவர் சிங்காரவேலு, செஞ்சி’ என்று மட்டும் எழுதிவிடுங்கள்.