முழங்கால் தண்ணீர்

கொண்டுபோன ஒரே வேட்டியைத் துவைத்து, அய்யனார் கோவில் ஆற்றின் நடுப்பாறையில் காயப்போட்டுவிட்டு, இடுப்புத் துண்டோடு கரையில் உட்கார்ந்திருந்த புத்திசாலி நான்தான். பக்கத்தில் ஒரு பட்டாளத்துக்காரரும், கைக்குழந்தையோடு அவர் மனைவியும் நின்றார்கள்.

“அக்கரையில எங்கண்ணன், பிள்ளையை மடியில வச்சு மொட்டை போடக் காத்துக் கிடக்கான். நல்ல நேரம் போகுது, வாங்க!” என்றாள் அவள்.

“தண்ணி கலங்கி, சருகு வருது பாரு. மலையில மழை. செத்த நேரம் பொறு, ஏட்டி.”

“இங்க வெயில் மண்டையைப் பிளக்கு! பர்மாவுல சண்டை போட்டவரு, முழங்கால் தண்ணிக்குப் பயப்படுதீகளே!”

“பயப்படவே அங்கதான் படிச்சேன்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் குழந்தையோடு விறுவிறுவென்று தண்ணீரில் இறங்கிவிட்டாள். அவர் எட்டிக் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். அடுத்த மூச்சில் மேலே இடி போல ஒரு சத்தம். செம்மண் வெள்ளம் ஒரு முழு மரத்தைப் புரட்டிக்கொண்டு, அவள் நின்ற இடத்தைக் கடந்து போனது.

அவள் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கியபடி மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் வெள்ளம் மூடிய நடு ஆற்றைக் காட்டி, “ஐயா, அந்தப் பாறையில என் வேட்டி...” என்றேன்.

“வேட்டிக்குள்ள நீரு இருந்தீரா? இல்லைல்லா, போகட்டும்,” என்றார் பட்டாளத்துக்காரர்.