மாடத்தி நின்ன கல்லு

உப்பு மாட்டுவண்டியில போன காலம் அது. கடலுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவுல உவரோடைன்னு ஒரு ஊரு. ஊருன்னா என்ன ஊரு, கண்ணுக்கெட்டின மட்டும் உப்பளம். அதுக்கு ஓரமா ஓலைக் குடிசைங்க. தள்ளி மேட்டுல அளத்து முதலாளி வீடு. அந்த ஊருல மாடத்தி, மாடத்தின்னு ஒருத்தி இருந்தாளாம். இது அவ கதை. 'உம்' கொட்டிக்கிட்டே கேக்கணும், உம் நின்னா கதையும் நின்னுரும்.

மாடத்தி சின்னப் புள்ளையா இருக்கும்போது அவளுக்கு ஒரு வேலை இருந்துச்சாம். முதலாளி மகன் சதாசிவத்துக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டு போற வேலை. பள்ளிக்கூடம் முதலாளி தன்னோட அப்பா பேர்ல கட்டினது. அதுல அளத்துப் புள்ளைங்க ஒண்ணுகூட உட்காரக் கூடாது. ஏன்னு கேட்டா வாத்தியார் சொல்லுவாராம், "உப்புக்காலோட வந்து உட்கார்ந்தா பெஞ்சு அரிச்சுப் போயிரும்"னு.

மாடத்தி தூக்குச்சட்டிய வச்சுக்கிட்டு சன்னலுக்கு வெளிய நிப்பாளாம். மணி அடிக்கிற வரைக்கும் நிப்பாளாம். வெயில்ல நிக்கிறவளுக்கு வேற என்ன வேலை? உள்ள சொல்லுறத எல்லாம் காதுல வாங்கிக்குவா. கரும்பலகையில எழுதுறத எல்லாம் கால் பெருவிரலால மண்ணுல எழுதிப் பாத்துக்குவா.

ஒருநாள் சதாசிவம் எழுந்து "க, ங, ச, ஞ..."ன்னு சொன்னான். அதுக்கு மேல வரல. வாத்தியார் பிரம்பைத் தட்டுறாரு, வரல. மாடத்திக்குப் பொறுக்கல. சன்னல் வழியா "ட, ண, த, ந!"ன்னு கத்திப்புட்டாளாம். உள்ள இருந்த பயலுவ எல்லாம் சிரிச்சுட்டானுவ. சதாசிவம் அழுதுக்கிட்டே வீட்டுக்கு ஓடுனான்.

அவ்வளவுதான். வில்வண்டி கட்டிக்கிட்டு முதலாளி வந்துட்டாரு.

பள்ளிக்கூட வாசல்ல, கட்டடம் கட்டினதுல மிஞ்சின கருங்கல் ஒண்ணு கிடந்துச்சு.

"ஏறுட்டி அதுமேல"ன்னாரு.

ஏறுனா. அவ தலைமேல ஒரு பெரிய உப்புக் கட்டியத் தூக்கி வச்சாரு. அளத்துல இருந்து அவ அப்பன் சுடலையக் கூப்புட்டு எதிர்ல நிறுத்துனாரு. பங்குனி வெயிலு. தலையில வேர்த்துச்சு, வேர்வையில உப்பு கரைஞ்சுச்சு, கரைஞ்சது நெத்தி வழியா கண்ணுல இறங்குச்சு. முதலாளி குடைக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு கேட்டாராம்:

"என்னட்டி, கரிக்கா?"

"இல்ல."

அப்பன்காரன் துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, "ஏத்தா, கரிக்குன்னு சொல்லிருத்தா. சொன்னா இறக்கி விட்டுருவாரு"ன்னு கெஞ்சுறான்.

"கரிக்கா?"

"இல்ல."

இல்ல, இல்லன்னே சொல்லிக்கிட்டு பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் நின்னாளாம். அதுல இடதுகண்ணு வெந்து பூ விழுந்துபோச்சு. பிறகு கடைசி வரைக்கும் அந்தக் கண்ணுல பார்வை இல்ல.

சுடலை மகளைத் துறைமுகத்து ஊருல இருக்குற தன் அக்கா வீட்டுக்கு அனுப்பி வச்சான். வண்டி கிளம்பும்போது மாடத்தி அழல. நல்ல கண்ணால அந்தக் கல்லையே பாத்துக்கிட்டு, "எப்பா, அந்தக் கல்லை யாரும் எடுத்துராம பாத்துக்கோ"ன்னு மட்டும் சொன்னாளாம்.

அத்தை வீட்டுப் பக்கத்துல பாதிரியார் பள்ளிக்கூடம். அங்க பெருக்கிக் கூட்டிப்புட்டு, அங்கனயே படிச்சா. நல்லாப் படிச்சா. அங்கேயே டீச்சர் வேலைக்குக் கூப்புட்டாங்க. மாடத்தி மாட்டேன்னுட்டு உவரோடைக்கு வண்டி ஏறிட்டா.

சுடலை வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்கிட்டான். "படிச்ச புள்ள, சேலை கசங்காம வேலை கிடைக்கு. களி மிதிக்கவா வந்த?"

"மிதிக்கத்தாம்ப்பா வந்தேன். களிய மட்டும் இல்ல."

உப்பளத்துல, தை பிறந்ததும், உப்பு விளைய வைக்கிறதுக்கு முந்தி, பாத்தியில ஈரக் களிய மிதிச்சு இறுக்கணும். இறுகலைன்னா உப்பு கறுத்துப்போயிரும். பெரியவங்க ஒரு பக்கம் மிதிப்பாங்க, புள்ளைங்களுக்குத் தனிப் பாத்தி. மாடத்தி கேட்டு வாங்கினா: "புள்ளைங்கள என்கிட்ட விடுங்க."

புள்ளைங்கள வரிசையா நிறுத்தினா. தான் முன்னால போனா. அவ காலடியில அடுத்தவ கால், அந்தக் காலடியில அடுத்தவன் கால். சுத்தி, வளைஞ்சு, இறங்கி, ஒரு கோடு. பாத்தி முழுக்க ஒத்த 'அ'. நாளைக்கு 'ஆ'. மிதிச்சு முடிச்சதும் குறுக்க மிதிச்சு அழிச்சுருவாங்க.

கங்காணி வெள்ளக்கண்ணு வரப்புல நின்னு பாத்தாரு. அவருக்கு எழுத்து வாசனையே கிடையாது.

"ஏட்டி மாடத்தி, இது என்ன கும்மியா, கோலாட்டமா?"

"களி சுத்திச் சுத்தி மிதிச்சாத்தான் இறுகும் அண்ணாச்சி. வேணா இறங்கி மிதிச்சுப் பாருங்க."

அண்ணாச்சியும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கி, புள்ளைங்க பின்னாலயே ஒரு 'ஈ' மிதிச்சுட்டுப் போனாராம். புள்ளைங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியல.

அந்த வருசம் அந்தப் பாத்தி மாதிரி எந்தப் பாத்தியும் இறுகலையாம். முதலாளி சந்தோசப்பட்டுப் புள்ளைங்களுக்குக் கருப்பட்டி குடுத்தாரு. அவரு இடத்துல, அவரு நேரத்துல, அவரு கண்ணு முன்னாலயே படிக்குதுங்க, அதுக்கு அவரே கருப்பட்டியும் குடுக்காரு. மாடத்தி அந்தக் கருப்பட்டிய வாயில போட்டு மெதுவா, மெதுவா சப்பினாளாம்.

மழை மாசத்துல அளம் மூடிக் கெடக்கும். அப்ப துறைமுகத்து ஊருல இருந்து கொண்டாந்த புத்தகத்தைப் பிரிச்சுப் படிக்கச் சொல்லிக் குடுப்பா. அவகிட்ட ஒரே ஒரு சட்டம்: படிச்ச புள்ள இன்னொரு புள்ளையத் தன் காலடியில கூட்டிக்கிட்டு வரணும். "சொல்லிக் குடுத்ததுக்கு யாராவது எதாவது வாங்குனீங்க, நாக்குல உப்பக் கட்டி விட்டுருவேன்"பாளாம். அப்படியே வருசம் போச்சு. மேட்டு வீட்டுக்கு இது எதுவும் தெரியாது.

மேட்டுல என்ன ஆச்சுன்னா, சதாசிவம் எப்பவோ பட்டணத்துக்குப் படிக்கப் போயிட்டான். அவனைப் பாத்து வருசா வருசம் வசதியான வீட்டுப் புள்ளைங்க முக்காவாசியும் போயிருச்சு. பள்ளிக்கூடத்துல பெஞ்சு காலி. இன்ஸ்பெக்டர் வாறாராம், புள்ளைங்களும் இல்ல, படிப்பும் இல்லைன்னா பள்ளிக்கூடத்தை மூடிருவாராம்னு சேதி வந்துச்சு. முதலாளிக்கு உசுரே போயிருச்சு. அப்பா பேரு போட்ட கட்டடம் அல்லவா? அந்தப் பேரை இறக்கிப்புட்டா ஊருக்குள்ள எப்படி நடக்க?

கங்காணி அளத்துக்கு ஓடி வந்தாரு. "மாடத்தி, புள்ளைங்களக் குளிப்பாட்டி, தலைசீவி, நாளைக்குப் பெஞ்சுல கொண்டாந்து உட்கார வை. ஒருநாள் கணக்குக்குத்தான். வாயத் திறக்கக் கூடாது. முன் பெஞ்சுல வசதியான வீட்டுல மிஞ்சின நாலு புள்ளைங்க படிச்சுக் காட்டும். முடிஞ்சதும் எழுந்து வந்துரணும்."

"சரி அண்ணாச்சி"ன்னா மாடத்தி. அவ்வளவு சீக்கிரம் சரின்னதுல கங்காணிக்கே சந்தேகம்.

அவ மனசுல இருந்தது இதுதான். புள்ளைங்க வாயே திறக்காம உட்காரட்டும். பள்ளிக்கூடம் இழுத்து மூடட்டும். முதலாளியோட அப்பன் பேரு மண்ணுல விழட்டும். அதைப் பாக்கணும், இருக்குற ஒத்தக் கண்ணால பாக்கணும்.

தலைசீவி விடும்போது பூவாத்தான்னு ஒரு குட்டிப் புள்ள கேட்டுச்சு: "எக்கா, பெஞ்சு எப்படி இருக்கும்? நாளைக்கு மட்டுந்தானா?"

மாடத்தி கையில சீப்பு நின்னுபோச்சாம். பள்ளிக்கூடத்தை மூடிட்டா பெஞ்சு ஏது? இந்தப் புள்ளைங்க படிச்ச படிப்பு களியோடதான் போகும். விடியுற வரைக்கும் அவளுக்குள்ள பழி ஒரு பக்கம் இழுத்துச்சு, பூவாத்தா ஒரு பக்கம் இழுத்தா. விடிஞ்சப்ப அவளுக்கு ரெண்டுமே வேணும்னு தெரிஞ்சுபோச்சு. புள்ளைங்கள உட்கார வச்சு ஒரு சேதி சொன்னா: "சன்னல் வழியா வாசலைப் பாத்துக்கிட்டே இருங்க. அந்தக் கல்லுல ஆளு ஏறி நின்னாத்தான் வாயத் திறக்கணும். ஆளு இறங்குனா வாயும் மூடணும்."

இன்ஸ்பெக்டர் வந்தாரு. முன் பெஞ்சுல புத்தகத்தை நீட்டுனாரு. ஒரு பய தும்முனான், ஒரு பய அழுதான், இன்னொருத்தன் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சான். பின்னால திரும்பிக் கேட்டா அளத்துப் புள்ளைங்க கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கு. இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டாரு. "இதை எதுக்குப் பள்ளிக்கூடம்னு நடத்துறீங்க?"ன்னு கேட்டாரு.

முதலாளி வேர்த்து விறுவிறுத்து வெளிய ஓடி வந்தாரு. வேப்பமர நிழல்ல மாடத்தி நிக்கா. வாத்தியார் வந்து அவரு காதுல ஓதுனாரு: "முதலாளி, அந்தப் பின் பெஞ்சுக் குட்டி கரும்பலகையப் பாத்து உதட்டை அசைச்சுச்சு. அதுக எல்லாத்துக்கும் படிக்கத் தெரியும் போல."

முதலாளி கைய நீட்டி, "ஏட்டி, அதுகளப் படிக்கச் சொல்லு!"ன்னாரு.

"சொல்லுறேன் முதலாளி. அந்தக் கல்லுல ஏறி நில்லுங்க."

"என்னது?"

"உப்பும் கொண்டாந்திருக்கேன்."

மாடத்தி மடியிலிருந்து எடுத்தா. பெரிய கட்டி. "நின்னா படிப்பாங்க. இறங்குனா நிறுத்திருவாங்க. அப்புறம் ஒருநாள் கணக்கு கிடையாது. இன்னைக்கு உட்கார்ந்த பெஞ்சை விட்டு எந்தப் புள்ளையும் எழுந்திருக்காது. சம்மதமா?"

முதலாளி பல்லைக் கடிச்சாரு. கட்டடத்தைப் பாத்தாரு. அதோட நெத்தியில அப்பா பேரு. ஏறுனாரு. தலையில மாடத்தி உப்பை வச்சா.

உள்ள பூவாத்தா எழுந்து கணீர்னு வாசிக்க ஆரம்பிச்சா. ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாசிக்காங்க. இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிக் குடுக்காரு. வெயில் தாங்காம முதலாளி ஒரு காலைக் கீழ வச்சாரு, பாதி வார்த்தையில வாசிப்பு நின்னுபோச்சு! காலை மேல வச்சாரு, மிச்ச வார்த்தை வந்துச்சு.

இன்ஸ்பெக்டர் சன்னல் பக்கம் எட்டிப் பாத்து, "அங்க யாரும்மா வெயில்ல நிக்கிறது?"ன்னாரு.

பூவாத்தா சொன்னாளாம், "எங்க முதலாளி சார். நாங்க நல்லாப் படிக்கணும்னு நேர்த்திக்கடன்."

கடைசிப் புள்ள வாசிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னாரு. உப்பு கரைஞ்சு கண்ணுல இறங்குது. மாடத்தி கிட்டப் போய் நின்னு, ரொம்ப மரியாதையாக் கேட்டாளாம்:

"கரிக்கா, முதலாளி?"

அவரு கண்ணை இறுக்கி மூடுனாரு.

"கரிக்கா?"

"கரிக்கு"ன்னாரு.

உடனே உப்பை இறக்கிட்டா.

சாயங்காலம் சுடலை மகளைக் கேட்டான், "பழி தீர்ந்துச்சாத்தா?"

"அவரு ரெண்டு கண்ணும் நல்லாத்தானப்பா இருக்கு"ன்னாளாம் மாடத்தி. சொல்லிட்டுக் களி மிதிக்கப் போயிட்டா.

அந்தக் கல்லு இன்னும் அங்கதான் கிடக்கு. உவரோடையில இப்பவும் தை மாசம் முதல் பாத்தியில 'அ'தான் மிதிப்பாங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அளத்துப் புள்ளைங்களுக்குக் காசு வாங்காம பாடம் சொல்லிக் குடுக்கப் பட்டணத்துக் காலேஜ் புள்ளைங்க வருதுங்க. எவ்வளவு பெரிய படிப்பு படிச்சு வந்தாலும் முதல் நாள் அந்தக் கல்லுல ஏறி வெயில்ல நிக்கணும். உள்ளேருந்து ஒரு சின்னப் புள்ள வந்து, உச்சந்தலையில ஒரு உப்புக் கல்லை வைக்கும், நாக்குல ஒண்ணை வைக்கும். "கரிக்கா?"ன்னு கேக்கும். மரியாதைக்கு "இல்லம்மா"ன்னு சொன்னவங்க நிக்க வேண்டியதுதான். கரிக்குன்னு சொன்னாத்தான் "உள்ள வாங்க."

முதலாளி பேரனுக்குப் பேரன்கூட ஒருதடவை பாடம் சொல்லிக் குடுக்க வந்தானாம். நல்ல புள்ள. ஏறி நின்ன உடனே, "கரிக்கு, கரிக்கு"ன்னு சொல்லிட்டான்.

புள்ளைங்க அதைக் காதுலயே வாங்கலையாம். பாடம் விடுற மணி அடிச்சப்புறந்தான் அவனை உள்ள கூப்புட்டாங்களாம். அப்படிச் செய்யச் சொல்லி அதுங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.