தாட்சாயினியின் கற்பெட்டி

இந்தக் கட்டடத்தில் தேநீரை இன்னமும் கழுவுதண்ணீர் மாதிரித்தான் போடுகிறார்கள். ஆனாலும் பல்கலைக்கழக விசாரணைக்கு வந்தவனுக்கும் ஒரு கோப்பை கொடுத்தீர்களே, நன்றி.

என் பெயரைப் பேராசிரியர் சச்சிதானந்தன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் துறை மாநாட்டில் எனக்குள்ள பதவியையும் சேர்த்தால் நல்லது: இளம் விஞ்ஞானிகள் ஆதரவுக் குழுத் தலைவர். பத்து வருடமாக அந்தக் கதிரை என்னுடையது. புதிதாக ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளின் பயத்தைத் தெளிவித்து மேடையேற்றுவது என் பொறுப்பு. கைம்மாறாக ஆறிப்போன சான்ட்விச் தருவார்கள்.

பழம்பாறைக்குள் ஆதி உயிர்கள் விட்டுப்போன கொழுப்பைத் தேடுவதுதான் எங்கள் தொழில். இருபது வருடத்துக்கு முன், மேற்கு ஆஸ்திரேலியப் பாறை ஒன்றில் நான் அதைக் கண்டுபிடித்தேன். ஜன்னல் வைத்த அறை எனக்குக் கிடைத்தது அதனால்தான்.

தாட்சாயினி வவுனியாவிலிருந்து படிக்க வந்து, பட்டம் முடித்து, இரண்டு வருட ஒப்பந்தத்தில் என்னிடம் சேர்ந்தவள். மெல்பேர்ன் மாநாட்டில் உரை நன்றாக அமைந்தால் ஒப்பந்தம் நீளும்; ஒப்பந்தம் நீண்டால் விசா நீளும். அவள் என்ன செய்தாள் தெரியுமா, அதே பாறையில் எண்ணெய் விடாமல் துளைபோட்டுப் புதுக் கற்கள் எடுத்துவந்தாள். அவற்றில் எந்தக் கொழுப்பும் இல்லை. நான் கண்ட ஆதி உயிர், துளைபோடும் எந்திரத்தின் எண்ணெயாம். மரியாதை தெரிந்த பிள்ளை, அதை முதலில் என்னிடம்தான் வந்து சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள்.

நான் கோபப்படவில்லை. உரைக்கு முன் எல்லாக் கற்களையும் இன்னொரு தரம் சோதித்துவிடு என்று அறிவுரை சொன்னேன். ஆதரவு என்றால் அதுதானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் ஆய்வுகூடத்துக்குள் போனேன். நீங்கள் காட்டிய, கதவு திறக்கும் அட்டையின் பதிவு சரிதான், காலை பதினொன்று இருபது. அவளுடைய கற்பெட்டியைத் திறந்து, எண்ணெய் வைத்த என் தலையைத் தடவிய கையால் ஒவ்வொரு கல்லையும் தடவினேன். நாற்பத்திரண்டு கற்கள். தேங்காய் எண்ணெய் பட்ட கல்லை வைத்துக்கொண்டு, என் கல்லில் எண்ணெய் பட்டது என்று யார் சொல்ல முடியும்?

மறுசோதனையில் எண்ணெய் தெரிந்தது. எவருடைய எண்ணெய் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும்தான். அவளுடைய நீளச் சடையைப் பார்த்தீர்கள், தீர்ப்பு முடிந்துவிட்டது. எனக்கு இருக்கும் நாலு முடிக்கும் எண்ணெய் வைப்பேன் என்று உங்களுக்கு எங்கே தோன்றப்போகிறது. அவளே நம்பிவிட்டாள், பாவம். வார முடிவில் சடைக்கு எண்ணெய் வைக்கிறவள், அதற்காகவே வலைத்தொப்பி போட்டுத்தான் கற்களைத் தொடுவாள்.

"என்ர தலை எண்ணெய்தான் சேர். தொப்பியை நான் ஒழுங்காப் போடேல்லைப் போல."

"மனசைத் தளரவிடாதையும் பிள்ளை. எல்லாருக்கும் வாற பிழைதான்."

"ஓம் சேர்," என்றாள்.

மாநாட்டில் அவள் எதையும் மறைக்கவில்லை. கற்களைக் கெடுத்தது தானே என்று மேடையில் சொல்லி, முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். சடையை வெட்டிவிட்டு வந்திருந்தாள். அமர்வுக்குத் தலைமை நான். இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுத்தேன். முதலில் கை தட்டியதும் நான்தான். ஒப்பந்தம் நீளவில்லை. நல்லதொரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதன் பிரதியும் உங்கள் கோப்பில் இருக்கும்.

விசாவுக்கு மேன்முறையீடு செய்துவிட்டு, இப்போது ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் ஓர் இனிப்புக் கடையில் நிற்கிறாள். போன மாதம் அங்கே லட்டு வாங்கப் போனேன். வலைத்தொப்பிக்குள் முடியை ஒதுக்கி, கையுறை மாட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பெட்டியின் உள்பக்கத்தில் விரல் பட்டுவிட்டது என்று வேறு பெட்டி மாற்றினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தச் சுத்தத்தை அவளுக்குப் பழக்கியவன் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.