நகப்பூச்சு சொன்ன சாட்சி

அவைக்குத் தலைமை தாங்கும் ஆய்வகத் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, வேலைக் களைப்போடு வந்தமர்ந்த தாய்மார்களே, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் தொழில்நுட்பரும் என் கணவரின் தங்கையுமானவரே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

மீக்கடத்தி என்றால் என்ன? கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரத்தை ஓடவிடும் பொருள். நாங்கள் குளிர்வித்தது சட்டைப் பொத்தான் அளவுத் துண்டு. அதற்குள், காந்தம் காட்டாமல், வெளியிலிருந்து மின்சாரம் ஊட்டாமல், ஒரு மின்னோட்டம் தானே பிறந்து தானே சுற்றியது. அதைப் படம் பிடித்துப் பின்னோக்கி ஓட்டினால் எதிர்த்திசையில் சுற்றும். காலத்தின் முன்னும் பின்னும் ஒன்றே என்ற சமநிலையை அந்தச் சின்னத் துண்டு உடைத்துவிட்டது. இன்று மேடையில் முழங்குகிறேன். அன்று எங்களுக்கு என்ன தெரிந்தது?

முதல் முறை குளிர்வித்தபோது, மின்னோட்டம் சுற்றும் திசையைச் சொல்லும் கருவி கூட்டல் குறி காட்டியது. சூடேற்றி மறுபடி குளிர்வித்தோம், கழித்தல் குறி.

"அண்ணி, கருவியோட ஒயர மாத்திச் சொருகிட்டீங்களா?" என்றார் நாத்தனார்.

"நான் தொடவே இல்ல. நீதானே சொருகின?"

பிடித்தது சண்டை. ஆய்வகத்திலும் பேச்சில்லை, இருவரும் சேர்ந்து குடியிருந்த வீட்டிலும் பேச்சில்லை. "உப்பு போதுமான்னு உங்க தங்கச்சிகிட்ட கேளுங்க" என்பேன் கணவரிடம். அந்தத் தங்கை என் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்; நடுவில் தூது போன மனிதரைக் கேட்டால் தெரியும். நாத்தனார் தனி வீடே பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஒரு மதியம் அவர் கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்தார். கருவியின் பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடுக்கைச் சுற்றிப் பூசினார்.

"இனிமே யாரு கழட்டினாலும் விரிசல் விழும். குளிர வைங்க."

குளிர்வித்தோம்: கூட்டல். சூடேற்றிக் குளிர்வித்தோம்: கழித்தல். பூச்சில் ஒரு கீறல் இல்லை.

"யாரும் மாத்தல அண்ணி. உள்ள ஓடுற கரண்ட்டு அதுவா திரும்பியிருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு முறை குளிரும்போதும் எந்தப் பக்கம் சுற்றுவது என்று அந்தத் துண்டே முடிவு செய்தது; குற்றம் என்று கொதித்தோமே, அதுதான் கண்டுபிடிப்பு.

அந்த நாட்களுக்கு மனம் ஏங்குகிறது. ஏங்காதா? அந்த நெரிசலான அறை, பம்பின் எண்ணெய் வாடை, ஆறிப்போன தேநீர், "அண்ணி" என்ற அந்தக் குரல். ஆனாலும் காலத்தைப் பின்னோக்கி ஓட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்பேன். பின்னோக்கி ஓட்டினால் அந்தக் கை என் கையை விட்டுவிடும், கதை சண்டையில் போய் முடியும்.

இதோ அந்த பிளக், சொருகிய சாக்கெட்டோடு சேர்த்தே எடுத்து வந்திருக்கிறேன். பூச்சில் இன்னும் விரிசல் விழவில்லை. வா, வாங்கிக்கொள். நாளை முதல் இயந்திரத்தின் பக்கத்தில் நீ இருக்க மாட்டாய். சாப்பாட்டு மேசையில் எதிரில் இருப்பாய். உப்பு போதுமா என்று நானே கேட்பேன்.

பொறுமையோடு செவிசாய்த்த பெருமக்களுக்கு நன்றி, வணக்கம்.