மடியில் இருந்த கிலுகிலுப்பைச் செடி

1942 ஏப்ரல் 8, புதன். கொழும்பில் குண்டு விழுந்து மூன்றாம் நாள். திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போகும் தோணியில் எல்லோரும் வானத்தையே பார்த்தபடி இருந்தோம். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும்.

“செடி பூக்கிற வருசத்திலதானா இவங்கள் குண்டு போடவேணும்?” என்றார் கணவர். “உன்னை உன்ர அக்கா வீட்டில விட்டிட்டுப் பின்னேரமே நான் திரும்பிடுவன்.”

“ஒரு கிலுகிலுப்பைச் செடிக்காகவோ? வீடு துறைமுகத்தடியில கிடக்குது!”

“முதல் வருசம் முழுக்க வெறும் இலை. இப்பதான் மொட்டு விட்டிருக்கு. அது பூத்தால்தான் வண்டு வரும், வண்டு வந்தால்தான் பூசணி காய்க்கும். ஆர் தண்ணி ஊத்துறது?”

“ஊத்தத் தேவையில்லை.”

மடியிலிருந்த பனையோலைக் கடகத்தை மூடிய சாக்கை மனைவி விலக்கினார். உள்ளே மொட்டுகளோடு அந்தச் செடி, வேரில் ஈரமண்.

“ஐயோ, ஆணிவேரை அறுத்துப்போட்டியே! இனி இது பிழைக்குமோ?”

“அறுந்தது செடிதானே, இஞ்சருங்கோ.”

கணவர் கடல்நீரை அள்ளப் போன கையை இழுத்துக்கொண்டு, குடிக்கக் கொண்டுவந்த போத்தல் தண்ணீரை வேரில் ஊற்றினார்.

பின்னேரம் நான் திரும்பிய தோணியில் அவர் இல்லை. மறுநாள் காலை துறைமுகத்தில் குண்டுகள் விழுந்தன.